எந்த எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் சேர்வது? இடம் கிடைத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூகப்பணி முதுகலைக்கு (எம்.எஸ்.டபிள்யூ.) விண்ணப்பித்து, ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இடம் கிடைத்து, எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்பின் பகுதியாக மாணவர்கள் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி பெறுவதுதான் களப்பணி. அப்படி வரும் மாணவர்களை நிறுவனத்துக்குள்ளிருந்து மேற்பார்வை செய்கிறவர்களில் நானும் ஒருவன். அதனால் என் பதில்கள் களத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். கல்லூரிகளின் கையேடுகள் மிகக் குறைவாகப் பேசுவதும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

மூன்று இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

கல்லூரிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். படிப்பு முடிந்ததும் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் வேலை செய்ய நினைக்கிறீர்கள்? அங்கே என்ன வேலை? மருத்துவமனையில் நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசுவதா, குழந்தைப் பாதுகாப்பா, மனநல ஆலோசனையா, மக்களைத் திரட்டி உரிமை கேட்பதா, கொள்கை வகுப்பதா, ஒரு நிறுவனத்தை நடத்துவதா? பின்னால் மனம் மாறலாம், தவறில்லை. இன்றைக்கு எது பிடிக்கிறதோ அதை எழுதினால் போதும்.

பிறகு ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்: இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் அந்த வேலையை நான் செய்ய முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிறவற்றைக் களப்பணியை வைத்து ஒப்பிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அங்கீகாரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல்கலைக்கழகமே பெரியதாக இருந்தால் போதாதா?

போதாது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தச் சமூகப்பணிப் படிப்புக்குத் தனியாக அங்கீகாரம் இருப்பது வேறு. பல நாடுகளில் வேலைக்கும், தொழில் செய்வதற்கான உரிமத்துக்கும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள்.

அமெரிக்காவில் சமூகப்பணிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது சமூகப்பணிக் கல்விக்கான கவுன்சில். அதன் அங்கீகாரம் இல்லாத உள்நாட்டு எம்.எஸ்.டபிள்யூ.வை வைத்துக்கொண்டு மாநில உரிமம் வாங்குவது பெரும்பாலும் நடக்காது. புதிதாகத் தொடங்கிய படிப்புகள் முழு அங்கீகாரம் வாங்கும்வரை 'கேண்டிடசி' என்ற இடைநிலையில் சில ஆண்டுகள் இருக்கும். அப்படி ஒரு படிப்பில் இடம் கிடைத்திருந்தால், நீங்கள் சேரும் ஆண்டு அங்கீகாரக் கணக்கில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் 'சோஷியல் வொர்க்கர்' என்ற பட்டப்பெயரே 2005 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' என்ற அமைப்பில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம்; அங்கேயே படிப்பவர்கள் அது ஒப்புதல் அளித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆஸ்திரேலியச் சமூகப்பணியாளர் சங்கம் அங்கீகரித்த படிப்பா என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் இருப்பதுபோல, எல்லாச் சமூகப்பணியாளர்களையும் பதிவு செய்யும் தனித் தேசியச் சட்ட அமைப்பு இங்கே இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. என்ற அதே பெயரில் ஒரு கல்லூரி கடுமையான களப்பயிற்சி தரும், இன்னொன்று வெறும் வகுப்பறையோடு முடித்துவிடும். வெளியிலிருந்து யாரும் வடிகட்டித் தராததால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. பாடத்திட்டத்தை வாங்கி, களப்பணிக்கு எத்தனை நாள், எத்தனை மதிப்பெண் என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

களப்பணிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எல்லாக் கல்லூரியிலும் அது இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அதன் தரம் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்க வைக்கும் அளவுக்கு மாறும். வகுப்பில் பேச்சுத் திறன்களைப் படிக்கலாம். மகன் இறந்த செய்தியைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் தாயின் பக்கத்தில் எப்படி உட்கார்வது, எப்போது பேசாமல் இருப்பது என்பதெல்லாம் அங்கே போய், செய்து, பிறகு ஒரு மூத்தவரோடு அதைத் திரும்பிப் பார்த்தால்தான் வரும். 1899-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தத் தொழிலுக்கு முறையான பயிற்சிப் பள்ளி தொடங்கியபோதே பாடமும் நேரடிப் பயிற்சியும் சேர்ந்த இரண்டு ஆண்டுப் படிப்பாகத்தான் தொடங்கினார்கள்.

குறைந்தபட்ச அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுகலைக்கு 900 மணி நேரக் களப்பணி. ஆஸ்திரேலியாவில் 1,000 மணி நேரம், குறைந்தது இரண்டு இடங்களில். இங்கிலாந்தில் 200 நாள்; அதில் 30 நாள் வரை திறன் பயிற்சிக்குப் போகலாம். அங்கே குறைந்தது இரண்டு மாறுபட்ட பணியிடங்கள் வேண்டும், அவற்றில் ஒன்றாவது சட்டப்படியான பொறுப்புகளைக் கையாளும் இடமாக இருக்க வேண்டும். வேறு எங்கே படித்தாலும் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மணிக்கணக்கு சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. தொள்ளாயிரம் மணி நேரமும் கோப்பு அடுக்கி, நிகழ்ச்சிக்கு நாற்காலி போட்டு, புகைப்படம் எடுத்துக் கழித்த மாணவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் அவர்கள் தேர்ச்சி பெற்றவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு குடும்பத்தை எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் திணறும்போதுதான் அவர்களுக்கு நடந்த அநியாயம் தெரியவரும்.

அப்படியென்றால் களப்பணி பற்றிக் கல்லூரியிடம் என்னென்ன கேட்பது?

நிறுவனத்தை யார் தேடித் தருகிறார்கள் என்பதில் தொடங்குங்கள். கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, மாணவர்தான் கதவு கதவாய்த் தட்ட வேண்டுமா? "நாங்கள் உதவுவோம்" என்று பதில் வந்தால், போன ஆண்டு படிப்பு தொடங்கியபோது எத்தனை பேர் இடம் கிடைக்காமல் இருந்தார்கள் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சென்ற ஆண்டு மாணவர்கள் போன நிறுவனங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தாளில் எழுதிய வேலையைச் செய்யும் நிறுவனங்கள் அதில் எத்தனை இருக்கின்றன? மருத்துவச் சமூகப்பணி என்று விளம்பரம் செய்யும் துறையின் பட்டியலில் ஒரே ஒரு மருத்துவமனைதான் இருக்கிறது, அதிலும் இரண்டு மாணவருக்குத்தான் இடம் என்றால், விளம்பரத்தை நம்பி என்ன பயன்?

வாரத்தில் சில நாள் களம், சில நாள் வகுப்பு என்று நடக்குமா, இல்லை மொத்தமாகச் சில வாரம் களத்திலேயே இருக்கும் பிளாக் பிளேஸ்மென்ட்டா என்பதையும் பாருங்கள். முதல் வகையில், நேற்று களத்தில் நடந்ததை இன்று வகுப்பில் பேச முடியும். இரண்டாவதில், ஒரு நிறுவனத்தின் அன்றாடத்துக்குள் முழுசாய் இறங்கலாம். இரண்டும் கலந்த பாடத்திட்டம் கிடைத்தால் நான் அதைத்தான் சொல்வேன். முதலாண்டில் முதல் வகை, கடைசியில் இரண்டாவது என்ற வரிசை நன்றாகவே வேலை செய்கிறது.

இன்னொரு கேள்வி, நிறையப் பேர் கேட்கத் தயங்குவது: களத்தில் பிரச்சினை வந்தால் என்ன செய்வீர்கள்? மேற்பார்வையாளர் தவறாக நடந்தால், வேலை ஆபத்தானதாக இருந்தால், கற்றுத்தரவே ஆளில்லை என்றால், நடுவில் இடம் மாற்றுவீர்களா? மாற்றினால் ஏற்கெனவே முடித்த மணி நேரம் கணக்கில் வருமா? நல்ல துறையில் இதற்கு எழுதிவைத்த நடைமுறை இருக்கும். பொறுப்பாளர் தயங்காமல் சொல்வார்.

மேற்பார்வை என்றால் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதுதானே?

பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிட்டது. அதனால்தான் இதைத் தனிக் கேள்வியாகவே வைத்தேன்.

நல்ல மேற்பார்வை எப்படி நடக்கும் என்றால், வாரம் ஒருமுறையாவது ஒதுக்கிய நேரத்தில் நீங்களும் மேற்பார்வையாளரும் தனியே உட்காருவீர்கள். நீங்கள் எழுதிய உரையாடல் பதிவை வரி வரியாகப் படித்து, "இந்த இடத்தில் அவர் அழ ஆரம்பித்தார், நீங்கள் ஏன் உடனே பேச்சை மாற்றினீர்கள்?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி வலிக்கும். இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வதே அந்த மாதிரிக் கேள்விகளில்தான். எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் ஐ.சி., ஜி.சி. என்று சொல்லும் தனிக் கலந்துரையாடலும் குழுக் கலந்துரையாடலும் இதற்குத்தான் இருக்கின்றன. அவை கால அட்டவணையில் இருக்கின்றனவா, உண்மையிலேயே நடக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

மேற்பார்வையாளரின் தகுதியையும் கேளுங்கள். அமெரிக்காவில், முதுகலை மாணவருக்குக் களத்தில் கற்பிப்பவர் அங்கீகாரம் பெற்ற சமூகப்பணி முதுகலை முடித்து, அதன்பின் இரண்டு ஆண்டாவது பணி செய்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நிறுவனம் என்றால், சமூகப்பணிப் பார்வையைக் கொடுக்கும் பொறுப்பைக் கல்லூரியே ஏற்க வேண்டும். இப்படி ஒரு விதி இல்லாத இடங்களில் கணக்காளரோ திட்ட மேலாளரோ உங்களுக்கு மேற்பார்வையாளராக வரலாம். அவர் நல்லவராக இருக்கலாம், நிறைய உதவவும் செய்யலாம். ஆனால் இந்தத் தொழிலை அவரிடம் கற்க முடியாது.

தரவரிசையில் முன்னால் இருப்பதை எடுத்தால் தவறாகப் போகாது அல்லவா?

தரவரிசை எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் இந்த நம்பிக்கை தளரும். அமெரிக்காவில் பிரபலமான 'யு.எஸ். நியூஸ்' இதழின் சமூகப்பணித் தரவரிசை, மற்றக் கல்லூரிகளின் தலைவர்களும் பேராசிரியர்களும் தரும் மதிப்பீட்டை மட்டும் வைத்துப் போடப்படுவது. உங்கள் களப்பணி எப்படி இருக்கும், மேற்பார்வையாளர் யார், எவ்வளவு கடனோடு வெளியே வருவீர்கள் என்பதெல்லாம் அதில் வராது. இந்தியாவின் தேசியத் தரவரிசையில் சமூகப்பணிக்குத் தனிப் பிரிவே இல்லை. அங்கே வருவது பல்கலைக்கழகத்தின் அல்லது கல்லூரியின் மொத்த இடம்.

ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர்களுக்குப் பெயர் ஓரளவு உதவும். நேரடிப் பணிக்குப் போகிறவர்களைப் பொறுத்தவரை, வேலைக்கு எடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது எந்தக் களத்தில் இருந்தீர்கள், யார் மேற்பார்வையில் இருந்தீர்கள் என்பதைத்தான்.

முதலாண்டிலேயே சிறப்புப் பிரிவு கேட்கிறார்கள். எனக்கு இன்னும் தெளிவில்லை.

தெளிவில்லை என்றால் முதலாண்டு பொதுவாகவும் இரண்டாம் ஆண்டு சிறப்புப் பிரிவாகவும் இருக்கும் படிப்பை எடுங்கள். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாயப் பணி மூன்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகு பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குழந்தைகளோடு வேலை செய்யத்தான் வந்தேன் என்றவர்கள் முதியோரிடம் மனம் நிலைத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

தெளிவாக இருப்பவர்கள், பிரிவின் பெயரோடு நிறுத்தாமல் உள்ளே உள்ள பாடங்களையும் பாருங்கள். 'மருத்துவம், மனநலம்' என்ற தலைப்பின் கீழ் மனநலம் பற்றி ஒரே ஒரு தாள்தான் இருக்கிறதா? கையேட்டில் உள்ள விருப்பப்பாடங்கள் ஆண்டுதோறும் நடத்தப்படுகின்றனவா, அல்லது ஆசிரியர் இல்லாமல் பெயரளவில் இருக்கின்றனவா? அப்புறம், மனிதவள மேலாண்மைப் பிரிவை எடுப்பவர்கள் கவனிக்க: அது தொழிற்சாலை, நிறுவனப் பணியாளர் துறை வேலைகளுக்கு நல்ல பாதை. பின்னாளில் மனநலப் பணிக்கோ வெளிநாட்டுப் பதிவுக்கோ போகும் எண்ணம் இருந்தால், உங்கள் களப்பணி நேரங்கள் அங்கே ஏற்கப்படுமா என்று இப்போதே பாருங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் உளவியல் ஆலோசகராக வேலை செய்யலாமா?

இது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 'கிளினிக்கல் சோஷியல் வொர்க்' என்ற சிகிச்சை சார்ந்த சமூகப்பணி உரிமம் பெற்றவர்கள் உளசிகிச்சை அளிக்கிறார்கள், தனியாகச் சிகிச்சையகமும் நடத்துகிறார்கள். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு அது வந்துவிடாது. அதன் பிறகு மேற்பார்வையின் கீழ் பெரும்பாலும் இரண்டு ஆண்டளவில் பணி செய்து, தேர்வும் எழுத வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மனநலச் சமூகப்பணியாளர்' என்று வரையறுப்பது, சமூகப்பணி முதுகலைக்குப் பின் மனநலச் சமூகப்பணியில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவரை. ஆகவே மனநலப் பணிதான் இலக்கு என்றால், இந்த முதுகலையைப் பாதி வழி என்று எண்ணுங்கள். அடுத்த பாதியை எங்கே செய்வீர்கள் என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஏற்கெனவே பி.எஸ்.டபிள்யூ. முடித்திருக்கிறேன். ஓராண்டில் முடிக்கலாமா?

அமெரிக்காவில் 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' என்ற வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற இளங்கலைச் சமூகப்பணி முடித்தவர்கள், படித்ததையே மறுபடி படிக்காமல் ஏறக்குறைய ஓராண்டில் முதுகலை முடிக்கலாம். கனடாவிலும் இதேபோல் ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. இளங்கலை முடித்து எத்தனை ஆண்டு ஆனது, என்ன மதிப்பெண் என்று கல்லூரிக்குக் கல்லூரி நிபந்தனை மாறும். பத்து ஆண்டு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த அனுபவத்துக்காகப் பாடத்தையோ களப்பணியையோ குறைக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்க அங்கீகார விதி அதை அனுமதிப்பதில்லை.

இணையவழிப் படிப்பு, பகுதி நேரப் படிப்பு நம்பலாமா?

நம்பலாம். களப்பணி நேரில்தான் நடக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இணையவழிப் படிப்பில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் களப்பணி நிறுவனத்தைத் தேடித் தருவது யார் என்பதுதான் உயிர்நாடியான கேள்வி. வேறு மாநிலத்துக் கல்லூரி என்றால், நீங்கள் இருக்கும் மாநிலத்தின் உரிம விதிக்கு அந்தப் பாடங்கள் போதுமா என்று உரிமம் தரும் அமைப்பிடமே கேளுங்கள். சேர்க்கை அலுவலகம் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்கள், களப்பணிக்கு மாலையும் வார இறுதியும் போதும் என்று எண்ணிச் சேர்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பகலில்தான் இயங்கும், மேற்பார்வையாளரும் பகலில்தான் இருப்பார். நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே களப்பணி செய்யக் கல்லூரி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தால், அங்கே புதிதாக எதைக் கற்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

நல்ல படிப்புக்குக் கட்டணம் அதிகம். கடன் வாங்கலாமா?

இதில் என் கருத்து உறுதியானது. அங்கீகாரமும் களப்பணியும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இரண்டு படிப்புகளில், கடன் குறைவாக வரும் படிப்பை எடுங்கள். இந்தத் தொழிலில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. பெரிய கடனோடு வெளியே வருகிறவர், தான் விரும்பிய பணியை விட்டுவிட்டுச் சம்பளம் அதிகமான வேறு எதையாவது எடுக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார். இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவர்கள் என்று நான் நினைத்த சிலரை அப்படி இழந்திருக்கிறோம்.

கணக்கில் கல்விக் கட்டணத்தை மட்டும் போடாதீர்கள். களப்பணிக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. அந்த மாதங்களில் பகுதி நேர வேலையைக் குறைக்க வேண்டிவரும், போக்குவரத்துச் செலவும் சேரும். ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல், தகுதியுள்ள சமூகப்பணி மாணவர்களுக்கும் கட்டாயக் களப்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தருகிறது. சில நிறுவனங்களும் சிறு தொகை தருவதுண்டு. உதவித்தொகை அறிவித்த கல்லூரியிடம், இரண்டாம் ஆண்டும் அது தொடருமா, என்ன மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

யாரிடம் விசாரிப்பது? கல்லூரி அறிமுகப்படுத்தும் மாணவர்கள் நல்லதாகத்தானே சொல்வார்கள்?

அவர்களிடமும் பேசுங்கள். ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமும், முடித்து ஓரிரு ஆண்டு ஆனவர்களிடமும் நீங்களாகவே தேடிப் போய்ப் பேசுங்கள். "கல்லூரி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன வாரம் மேற்பார்வையில் என்ன பேசினீர்கள்?" என்று கேளுங்கள். சொல்ல ஏதாவது இருந்தால் அவர்கள் நிறுத்தாமல் சொல்வார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் வேலை செய்ய விரும்பும் நிறுவனத்துக்குப் போய், அங்கிருக்கும் சமூகப்பணியாளரிடம், எந்தக் கல்லூரி மாணவர்கள் தயாராக வருகிறார்கள் என்று கேளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் மறைக்க எதுவும் இல்லை. பெரும்பாலும் நேராகவே சொல்லிவிடுவோம்.

நானே கஷ்டமான சூழலில் இருந்து வந்தவள். இந்தப் படிப்பைத் தாங்குவேனா?

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள். அந்த அனுபவம் உங்களுக்குப் பலம். ஆனால் களத்தில் உங்கள் கதையைப் போன்ற ஒரு கதை எதிரே வந்து உட்காரும்போது, உங்களைத் தாங்க ஆள் வேண்டும். மாணவர்களுக்கு இலவச ஆலோசனை உண்டா, உடல்நலமோ குடும்பமோ காரணமாகக் களப்பணியை இடையில் நிறுத்தித் தொடர முடியுமா, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் களத்திலும் வசதி செய்து தருவார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் துறையில் சேர வேண்டாம். மாணவரையே கவனிக்காத இடத்தில், மற்றவரைக் கவனிக்கும் கலையை எப்படிக் கற்றுத்தருவார்கள்?

எல்லாம் பார்த்துவிட்டேன். இரண்டு படிப்புகள் சமமாக நிற்கின்றன.

வேலை செய்ய விரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். களப்பணியில் பழகிய நிறுவனங்களும் அங்கே கிடைத்த அறிமுகங்களும்தான் முதல் வேலைக்குக் கூட்டிப் போகும். உள்ளூர்ச் சட்டங்கள், அரசுத் திட்டங்கள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற அறிவும் கூடவே வரும்.

முன்பணம் கட்டும் தேதி நெருங்கிவிட்டது. இன்னும் ஒரு கல்லூரியின் பதில் வரவில்லை.

தயங்காமல் அவகாசம் கேளுங்கள். காரணத்தைச் சொல்லி, எந்தத் தேதிக்குள் பதில் தருவீர்கள் என்றும் எழுதினால் பல கல்லூரிகள் சில நாள் தரும். பதில் வராத கல்லூரிக்கும், வேறு இடத்தில் கடைசித் தேதி இருக்கிறது என்று சொல்லி எழுதுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, தள்ளிவைத்தால் உதவித்தொகை நிற்குமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முடிவெடுத்ததும், வேண்டாம் என்று ஒதுக்கிய கல்லூரிக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அந்த இடம் சீக்கிரம் போய்ச்சேரும்.